உமிக்குள் தங்கம்

அத்தியாயம் 19

பிளக்ஸ் பேனர் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டது. பத்துக்கு ஆறு. ‘எங்கள் தெருவின் முதல் முனைவர் சுடர்விழி சாமிதுரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, சுடர்விழியின் கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டிருந்தான் டிசைன் போட்டவன். டாக்டர் என்று சொன்னார்களாம். அவனுக்குத் தெரிந்த டாக்டர் அதுதான்.

சாமிதுரை பேனரைப் பாதி வரை விரித்துப் பார்த்தார். மகளின் முகம் வந்ததும் அங்கேயே நிறுத்தி மறுபடி சுருட்டினார். ஈரப்பதம் பத்தொன்பது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல் மூட்டைகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் செருகி வைத்தார்.

“என்னங்க அது?” அடுப்படியிலிருந்து மலர்க்கொடியின் குரல்.

“தார்ப்பாய்.”

“தை மாசத்துல எங்கங்க மழை?”

“வரும்.”

பேனருக்கு ஆர்டர் கொடுத்தவன் இனியவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வைவா, பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு, என்று கேள்விப்பட்ட சந்தோஷத்தில் போன் மூலமே வேலையை முடித்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எதையும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி, பாபநாசத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்த சுடர்விழி, தோள்பையைக்கூடக் கழற்றாமல் உள்ளறையில் போய்ப் படுத்தவள்தான். இன்றைக்கு நான்காவது நாள். மலர்க்கொடி வைக்கிற தட்டு வைத்தபடியே திரும்பி வருகிறது. முதல் நாள் அந்தச் சோற்றைக் கோழி தின்றது. இரண்டாம் நாளிலிருந்து சாமிதுரை தின்கிறார். வீணாக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாலும், கையைச் சும்மா வைத்திருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தின்னாத நேரத்தில், காலண்டரில் நூல் கட்டித் தொங்கும் பென்சிலைச் சீவினார். மோட்டார் ஓடிய நேரம் குறிக்கிற பென்சில். காலையிலிருந்து இரண்டு தடவை சீவியாகிவிட்டது.

இப்போதுதான் கதைக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுடர்விழியின் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடலாம். சாமிதுரைக்குப் புரிந்த அளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் அவரும் வரமாட்டார்.

மருந்து செய்கிற இடங்களில் இரண்டு பொருளை ஒட்டவைத்து மூன்றாவது ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும். அவை தாமாக ஒட்டாது. நடுவில் ஓர் உலோகம் வேண்டும். பல்லேடியம் என்று ஒன்று, செம்பு என்று ஒன்று. அந்த உலோகம் இரண்டு பக்கத்துக் கார்பனையும் கையைப் பிடித்து அழைத்துவந்து, சேர்த்துவைத்துவிட்டு, தான் விலகிக்கொள்ளும். தரகர் வேலை. சுடர்விழி படிக்கிற கரிம உலோக வேதியியல் என்பது சாமிதுரையின் கணக்கில் தரகர்களைப் பற்றிய படிப்பு. தரகரிடம் ஒரே ஒரு தொல்லை. கல்யாணம் முடிந்தும் மருந்துக்குள்ளேயே கொஞ்சம் தங்கிவிடுவார். அவரை வெளியே அனுப்புவது பெரும்பாடு.

சுடர்விழி என்ன செய்தாள்? வீட்டு வயலில் விளைந்த நெல்லின் உமியைக் கரியாக்கி, அந்தக் கரியைத் தலைமுடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தாள்களாக உரித்தாள். அந்தத் தாளின் மேல் வைத்தால் தரகர் இல்லாமலே கல்யாணம் நடக்கிறது என்று காட்டினாள். உலோகமே இல்லாத வினை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. பத்திரிகை வந்த அன்று, கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார் சாமிதுரை.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய கரி. ஒரு புட்டி நிறைய இருந்தது அடிமட்டத்துக்கு வந்ததும் ஆய்வகத்தில் புதுக் கரி செய்தார்கள். அதே வயல், அதே நெல், அதே உமி. கல்யாணம் நடக்கவில்லை. ஆஸிம் என்று அவளுக்கு ஜூனியர், அதிராம்பட்டினத்துக்காரன். அவன் பதினோரு தடவை செய்து பார்த்தான். ஒன்றுமில்லை. சுடர்விழி குடுவையைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். குடுவைக்குள் சுற்றுகிற காந்தக் குச்சியைக்கூட மாற்றிப் பார்த்தாள். கடைசியில், பழைய புட்டியில் மிஞ்சிய ஒரு சிட்டிகைக் கரியைச் சென்னைக்கு அனுப்பினாள். அதில் உலோகம் எதுவும் இல்லை என்று முன்பே இங்கே சோதித்துப் பார்த்ததுதான். சென்னையில் இருப்பது அதைவிட நுணுக்கமான மிஷின். ஒளிந்திருப்பவனை முடியைப் பிடித்து இழுத்து வருமாம்.

அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து படுத்தாள். அந்த ரிப்போர்ட் இன்றைக்குப் பதினொரு மணிக்கு வந்தது.

உள்ளறைக் கதவு திறந்து சுடர்விழி வெளியே வந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஆய்வு நோட்டு. கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்து, போனைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். நீல மைப் பேனா.

முதல் வருடம் இப்படித்தான் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தவளிடம் சாமிதுரை அந்தக் காலண்டர் பென்சிலை நீட்டினார். அழித்து எழுதிக்கொள்ளலாமே என்று. “ஆய்வு நோட்டுல பென்சில் ஆகாதுப்பா. தப்புன்னா அடிச்சுட்டுத்தான் எழுதணும். அடிச்சதும் கண்ணுக்குத் தெரியணும்” என்றாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நாலு பேர் கூடிய இயக்கக் கூட்டத்தில் அதையே அரை மணி நேரம் பேசினார். நாலு பேரில் இரண்டு பேர் கேட்டார்கள்.

“வந்துடுச்சுப்பா” என்றாள் சுடர்விழி, தலை நிமிராமல்.

“நல்ல சேதியாம்மா?”

“செம்பு இருக்கு.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எவ்வளவு?”

“பத்து லட்சத்துல நானூறு பங்கு.”

“அவ்வளவுதானே. வெறும் தூசு.”

“ஒரு கல்யாணத்துக்கு எத்தனை தரகருப்பா வேணும்?”

அவர் காலண்டர் பென்சிலைக் கையிலிருந்து விட்டார்.

“ஆக, என் கரி ஒண்ணுமே செய்யலை. உள்ள உக்காந்துகிட்டுச் செம்புதான் செஞ்சிருக்கு. உலோகமே இல்லைன்னு தீசிஸ் தலைப்புலயே போட்டுருக்கேன். பேப்பர்ல போட்டுருக்கேன். எல்லாம் பொய்.” சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு மலர்க்கொடியை அடுப்படியிலிருந்து வெளியே வரவழைத்தது. “இன்னும் கேளுங்க. துத்தநாகம் இருக்கு. ஈயம் இருக்கு. வெள்ளி கொஞ்சம். அப்புறம் தங்கம்.”

“தங்கமா?” மலர்க்கொடி கரண்டியோடு நின்றாள். “நம்ம உமியிலயா?”

“கண்ணுக்கெல்லாம் தெரியாதும்மா.”

“நம்ம வீட்டுத் தங்கம் என்னைக்குடி தெரிஞ்சுது.”

சாமிதுரை சிரிக்கவில்லை. அவருடைய கை முழங்காலின் மேல் கிடந்தது. செம்பு என்று கட்டைவிரல் மடங்கியது. துத்தநாகம், ஈயம், வெள்ளி. தங்கம் என்று சுண்டுவிரலும் மடங்கியபோது கை ஒரு முஷ்டியாகிவிட்டது. எந்தக் கோயிலுக்குள்ளும் கால் வைக்காதவர்தான். ஆனாலும் சுவாமிமலைக்குப் பத்துக் கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஐந்தும் எங்கே ஒன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“பஞ்சலோகம்” என்றாள் சுடர்விழி, அவர் வாயிலிருந்து பிடுங்கியது போல. “எனக்கும் மொதல்ல அதாம்ப்பா தோணுச்சு. நீங்க சுவாமிமலைப் பட்டறை உலையிலதானே சுட்டுக்கிட்டு வந்தீங்க. உடனே பர்வின் மேடத்துக்குப் போன் பண்ணினேன்.”

பர்வின் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை. ஆறு வருடமாக அவளைத் தன் பிள்ளை போல இழுத்துக்கொண்டு வந்தவர்.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“உமி இருந்தது புதுப் பானைக்குள்ள. மூடி போட்டுக் களிமண் பூசியிருந்துச்சு. வெளியில என்ன உலோகம் கொதிச்சாலும் உள்ள போக வழியே இல்லை. அப்ப இது சென்னை மிஷின் கோளாறு. எவனோ தங்கத்தை வச்சுச் சோதிச்சுட்டுக் கழுவாம விட்டிருக்கான். வழியைக் காட்ட முடியாத ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு வெள்ளிக்கிழமை வந்து நில்லுன்னு சொல்றாங்க. புதுக் கரி ஏன் வேலை செய்யலைங்கறதை அப்புறம் பார்த்துக்கலாமாம்.”

“நீ என்னம்மா சொல்ற?”

சுடர்விழி அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “வழி இல்லைன்னா அவங்க சொல்றதுதான் சரி. வழி எதுவும் இல்லையேப்பா? பானையிலதானே போட்டீங்க?”

இது மூன்றாவது தடவை. கார்த்திகையில் ஒருமுறை போனில் கேட்டாள். பொங்கலுக்கு வந்தபோது ஒருமுறை கேட்டாள். இரண்டு தடவையும் ‘ஆமாம்மா, பானைதான்’ என்று யோசிக்காமல் சொல்லியிருந்தார். பானை என்றால் என்ன, வேறொன்று என்றால் என்ன, சூடு சூடுதானே என்பது அவர் கட்சி.

ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு தலையாட்டல் உண்டு. அவருடைய அப்பா பண்ணை வீட்டு வாசலில் நின்று பழகியது அது. தன் தலைமுறையோடு அதை ஒழித்துக்கட்டிவிட்டதாகச் சாமிதுரை மேடை மேடையாகப் பேசியிருக்கிறார். இப்போது அது அவர் கழுத்திலேயே வந்து நின்றது. ஆட்டினார்.

“வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்” என்று எழுந்தார்.

டிவிஎஸ் வண்டியில் பெட்ரோல் முக்கால் டேங்க் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். ஆய்வகத்து மின் உலை பழுதாகி, ரிப்பேர்க்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் இழுத்துவிட்டார். சுடர்விழி போனில் அழுதாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறது. “எனக்கு யாருப்பா இருக்கா?” என்றாள். வேறு அர்த்தத்தில் கேட்கவில்லை. ஆனால் கேள்வி சாமிதுரையிடம் வேறு அர்த்தத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரே சீராகச் சூடு நிற்கிற உலை வேண்டும், புதுப் பானை வேண்டும், அவ்வளவுதான் என்றாள். உலைக்கு வழி சொன்னவன் மீரா உசேன், சாமிதுரையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். உடைந்த பித்தளை, செம்பைச் சுவாமிமலைச் சிலைப் பட்டறைகளுக்கு அனுப்புகிறவனும் அவன்தான். உமி மூட்டையும் புதுப் பானையுமாக இரண்டு பேரும் இந்த வண்டியில்தான் போனார்கள். சுவாமிமலைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேகத்தடை. பட்டறை வாசலில் இறக்கிப் பார்த்தால் பானையின் கழுத்திலிருந்து அடி வரை ஒரு கோடு.

மீரா உசேன் டீ சொல்லப் போனான். பட்டறைப் பெரியவர் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தாங்காது. மூசையில போட்டுக்குங்களேன்” என்றார். மூசை என்பது உலோகத்தை உருக்குகிற கிண்ணம். “புதுசும் இருக்கு, புழங்கினதும் இருக்கு. எது வேணும்?”

“புழங்கினதுன்னா?”

“இதுல ஏழு சாமி வார்த்திருக்கோம். போன வாரம் ஒரு அம்மன். அந்த ஊர்ப் பொம்பளைங்க வந்து ஆளுக்கு ஒரு பொட்டுத் தங்கம் கழட்டி உருகுறதுல போட்டாங்க. ராசியான மூசைங்க. இதுல வச்சது எதுவும் இதுவரைக்கும் பிசகினதில்லை.”

சாமிதுரை பதினெட்டு வயதில் கறுப்புச் சட்டை போட்டவர். மலர்க்கொடியைத் தாலி கட்டாமல் மணந்தவர். திருவிழா வரி கேட்டு வருகிறவர்களை வாசலில் நிற்கவைத்துப் பகுத்தறிவு வகுப்பெடுத்து அனுப்புகிறவர். இப்போதெல்லாம் அவர் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் வரி கேட்கிறார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். மீரா உசேன் கண்ணில் படவில்லை.

“ராசியானதையே குடுங்க” என்றார். தான் போட்டிருக்கிற சட்டைக்குக் கேட்காத குரலில்.

மூசையைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துத்தான் கொடுத்தார்கள். விரிசல் விட்ட பானையை மீரா உசேன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

இன்றைக்குக் கும்பகோணம் கடையில் மீரா உசேன் இட்லிப் பானைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். “என்ன துரை, மூஞ்சி செத்துக் கிடக்கு? நெல்லைத் திரும்பவும் ஈரம்னுட்டானா?”

சாமிதுரை எல்லாவற்றையும் சொன்னார். ஏழு சாமி, ராசி, ஐந்து விரல், மூன்று தடவை கேட்டது, மூட்டைக்குப் பின்னால் செருகிய பேனர். கேட்டு முடித்ததும் மீரா உசேனின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“நீயா கேட்ட? ராசின்னு நீயா?”

“சிரிக்காத மீரா.”

“நாப்பது வருஷம்டா. தர்காவுக்குப் போனா ‘மந்திரிச்சுக்கப் போறியா’ன்னு ரோட்டுல நின்னு கேப்ப. எம்மவளுக்குக் காய்ச்சல்னு தாயத்து கட்டினதுக்கு ஒரு வாரம் என்னோட பேசலை.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சட்டையைக் கழட்டிட்டாவது கேட்டிருக்கலாம்ல.”

“புள்ள அழுதா மீரா.”

சிரிப்பு நின்றது. மீரா உசேன் ஒரு மூடியை எடுத்துத் துணியால் துடைத்தான். துடைத்த மூடியையே மறுபடி துடைத்தான்.

“இதெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்றான்.

“உனக்கும் எனக்கும். பட்டறைப் பெரியவருக்கு.”

“அவர் ஆடியிலயே போய்ச் சேர்ந்துட்டாரு. அப்ப நாம ரெண்டு பேரு. எனக்கு இப்பல்லாம் மத்தியானம் தின்னது சாயங்காலம் ஞாபகம் இல்லை. ஆக, நீ ஒருத்தன்தான்.” குரலைத் தாழ்த்தினான். “வாயைத் தொறக்காத துரை. வெள்ளிக்கிழமை போய் முன்வரிசையில உக்காரு. கை தட்டு. வந்துடு.”

“தொறக்காட்டா?”

“டாக்டர் ஆவா.”

“தொறந்தா?”

“பேனரை விரிச்சு நெல்லு காயப் போடலாம்.”

சாமிதுரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதிராம்பட்டினத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். ஆஸிம்னு. இவ பேப்பரை நம்பித்தான் அவன் ஆராய்ச்சியே. பதினோரு தடவை செஞ்சு பார்த்தும் வரலை. தன் கைதான் ஆகாத கைன்னு நெனைச்சுக்கிட்டுப் படிப்பையே விட்டுடலாமான்னு கேக்குறானாம். சுடர் பொங்கல் அன்னைக்கே சொன்னா. நான் கரும்பைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

மீரா உசேன் எழுந்து, கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டைப் பார்த்து, “ஆயிஷா, அந்த மண்பானை இருக்கா?” என்றான்.

“எந்தப் பானை? கோழிக்குத் தண்ணி வைக்கிறதா?” உள்ளேயிருந்து அவன் மனைவி. “விரிசல்ல சிமெண்டு வச்சுருக்கேன். எதுக்கு?”

“கொண்டா.”

ஆயிஷா கொண்டுவந்து வைத்தாள். “அண்ணனுக்கா? ஏண்ணே, சுடருக்கு வெள்ளிக்கிழமைதானே? நான் புடவைகூட எடுத்து வச்சுட்டேன்” என்றாள்.

சாமிதுரை அவளுக்கும் அந்த நடுவாந்தரத் தலையாட்டலையே கொடுத்தார். காலையிலிருந்து நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

மீரா உசேன் பானையிலிருந்த கோழி எச்சத்தைச் சுரண்டி, பழைய செய்தித்தாளில் சுற்றினான். “சொல்லாதன்னுதான் நான் சொல்லுவேன். கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லுவேன். ஆனா நீ கேக்க மாட்ட. சொல்றதா இருந்தா வெறுங்கையோட போய் நிக்காத.”

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒருபக்கம் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாளடி வயலில் கொக்குகள் மிஷினுக்குப் பின்னாலேயே நடந்தன. முன்னால் தொங்கிய பையில் பானை ஒவ்வொரு பள்ளத்துக்கும் முட்டியில் இடித்தது. வேகத்தடை வந்த இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு தாண்டினார். மூன்று வருடம் தாமதமாக.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். மேடையில் ஏறினால் ஒரு மணி நேரம் பேசுகிறவர். இதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அவள் படுத்தே இருப்பாள், விளக்குப் போடாத அறையாக இருக்கும், முகம் தெரியாது, சொல்லிவிடலாம் என்று ஒரு தைரியம் மட்டும் மிஞ்சியிருந்தது.

வாசலிலேயே ரசத்தின் வாசனை வந்தது.

சுடர்விழி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலில் துண்டு சுற்றி, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான்கு நாளுக்குப் பிறகு முதல் சோறு. பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டிய படங்கள். முதல் படத்தில் பெரிய எழுத்தில், நெல் உமியிலிருந்து உலோகமற்ற வினையூக்கி.

மலர்க்கொடி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த சாமிதுரைக்கு, வாசலோடு திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

“வாங்க, வாங்க. சேதி தெரியுமா? மேடம் மறுபடி போன் பண்ணாங்க. மிஷின் கோளாறுதானாம். எம்பொண்ணு கரியில ஒரு தப்பும் இல்லையாம்” என்றாள் மலர்க்கொடி.

“ஆமாப்பா. யோசிச்சுப் பார்த்தேன். மூடிப் பூசின பானை. உள்ள போக வழியே இல்லை” என்றாள் சுடர்விழி. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் தூவிக்கொண்டாள். கண் மட்டும் தட்டிலேயே இருந்தது. “புதுக் கரி ஏன் வரலைன்னு பட்டம் வாங்கிட்டுப் பார்த்துக்கலாம்.”

சாமிதுரை பையை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே பேனரும் இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் போடு அவளுக்கு” என்றார்.

மலர்க்கொடி போட்டாள்.

“ரசம் ஊத்து.”

“ஊத்துறேன். நீங்க அந்தப் பார்வையை வேற பக்கம் திருப்புங்க. புள்ள தொண்டையில இறங்கணும்.”

சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும்தான். அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான் இருந்தது. அவள் ஒவ்வொரு கவளமாக எடுப்பதைப் பார்த்தார். மோர்ச் சோற்றுக்கு வந்தாள். ஊறுகாயைத் தொட்டாள். தட்டில் கடைசிப் பருக்கைகளை விரலால் ஒதுக்கிச் சேர்த்தாள். இரண்டு வயதில் பழக்கியது அது. பழக்கியவர் அவர்தான்.

“பானை ஒடைஞ்சிடுச்சும்மா” என்றார்.

சுடர்விழியின் விரல் தட்டில் நின்றது.

“எந்தப் பானைங்க?” என்றாள் மலர்க்கொடி.

அவர் பையிலிருந்து எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். கழுத்திலிருந்து அடி வரை சிமெண்டு வைத்த கோடு. “அன்னைக்கே. வழியிலயே. உமியை இதுல போடலை. மூசையில போட்டேன். சிலை வார்த்த மூசை.” பானையைத் தரையில் வைத்தார். “புது மூசையும் இருந்துச்சு. நான்தான் பழசைக் கேட்டு வாங்கினேன். ராசியானதுன்னாங்க.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அழுகை வரலாம், ‘நீங்களாப்பா’ என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்க அவளிடம் எதைச் செய்யாதே என்றாரோ அதை அவள் பெயரிலேயே செய்துவிட்டு வந்தவர். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்து வைத்திருந்தார்.

சுடர்விழி பானையின் சிமெண்டுக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“இது வேற யாருக்குப்பா தெரியும்?”

மத்தியானம் மீரா உசேன் கேட்ட அதே கேள்வி. பாத்திரக்கடையில் கேட்டபோது அது வெறும் கேள்வியாகத்தான் இருந்தது.

“மீராவுக்கு மட்டும்” என்றார்.

அவள் எழுந்தாள். கை கழுவினாள். துடைக்காமலே வந்து ஆய்வு நோட்டுகளில் பழையதைத் தேடி எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி மாதப் பக்கம். நீல மையில் குண்டு குண்டான எழுத்து. ‘புதிய மண்பானை. மூடி, களிமண் பூச்சு. பட்டறை உலை.’ அதற்கு எதிரே, நேரில் பார்த்தவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில், ‘அப்பா’ என்று ஒரே ஒரு சொல். கீழே இரண்டு வரி எழுத இடம் இருந்தது.

“என்னடி ஆச்சு இப்ப? யாராவது சொல்லுங்களேன்” என்றாள் மலர்க்கொடி. சட்டி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

சுடர்விழி பேனாவின் மூடியைத் திறந்தாள். காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே முனை நின்றது. ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து ‘அப்பா’வின் ஓரத்தில் நீலம் லேசாகப் பரவியது.

போன் அடித்தது. திரையில் பர்வின் மேடம் என்று வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

அவள் பேனாவை மூடித் தரையில் வைத்தாள். கையை நீட்டி, காலண்டரில் தொங்கிய பென்சிலின் நூலை அவிழ்த்தாள்.

ஆய்வு நோட்டில் ஆகாது என்று அன்று அவள் மறுத்த அந்தப் பென்சிலைச் சாமிதுரை பார்த்தார். முனை நன்றாகக் கூராக இருந்தது. காலையில் வேறு வேலை இல்லாமல் அதைச் சீவி வைத்தவர் அவர்தான்.